ஏழரை சென்டிமீட்டர் குறைந்த கண்ணாடி

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். என் புத்தக அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட அளவெடுத்தவள், பாதியில் நிறுத்திக் கத்தினாள். அந்தக் கத்தலிலிருந்து வந்த கதை இது. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்கோ. ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நான் படிப்பேன்" என்றாள். படித்தாள். இதில் தெரியும் அடித்தல் திருத்தல்களில் பாதி என்னுடையவை, பாதி அவளுடையவை.

அக்காவுக்குக் கண்ணாடிப் பட்டறையில் வேலை. கடை முகப்பு, குளியலறைத் தடுப்பு, மாடிப்படி ஓரம் என்று எங்கெல்லாம் கண்ணாடி நிற்குமோ அங்கெல்லாம் போய் அளவெடுப்பாள். அந்த அளவுக்கு வெட்டி, உலையில் சூடாக்கி இறுக்கிக் கொண்டுவந்ததும் அவளே நின்று பொருத்துவாள். இறுக்கிய கண்ணாடியைப் பற்றி உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் போதும். உலையிலிருந்து வந்த பிறகு அதன் ஓரத்தைக் கொஞ்சம்கூடச் சீவ முடியாது. சீவினால் மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். அளவு தப்பினால் தப்பியதுதான், வேறு கண்ணாடி வெட்ட வேண்டும்.

2

என் முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"பட்டறைக் கதவைத் திறந்துகொண்டு அவர் உள்ளே வந்தார். அனைவரும் எழுந்து நின்றனர். அவர் கையில் ஓர் அளவுநாடா—"

[இதற்குமேல் எழுதவில்லை. பட்டறையில் யாரும் எழுந்து நிற்பதில்லை, ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருப்பார்கள். ஓரத்தில் அக்காவின் கையெழுத்து: "அளவுநாடாவா? டேப்னு எழுது."]

இந்த மூன்று வரியை ஒரு நண்பரிடம் காட்டினேன். "ஆளு கம்பீரமா இருக்காரே, மீசை உண்டா?" என்று கேட்டார். சரி என்று 'அவர்' எல்லாவற்றையும் அடித்து 'அவள்' ஆக்கினேன். படித்துப் பார்த்தபோது, எழுந்து நின்றவர்கள் எல்லோரும் மறுபடி உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த இடத்தில் வசமாக மாட்டிக்கொண்டேன். அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளைப் பட்டறையில் 'அது' என்றுதான் சொன்னார்களாம். "அது வந்துடுச்சா?" "அதுக்கு ஏணி ஏறத் தெரியுமா?" கொஞ்ச காலம் கழித்து 'அவ' ஆனாள். ஒரு பெரிய முகப்பைத் தனியாக நின்று பொருத்திய பிறகு, வயதில் மூத்தவர்களும் 'அக்கா' என்றார்கள். இப்போது அவள் இல்லாத இடத்திலும் 'அவங்க' என்கிறார்கள். (இல்லாத இடத்தில் சொல்வதைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.) சில நாடுகளில் மைல், சில நாடுகளில் கிலோமீட்டர். சில இடங்களில் பவுண்டு, சில இடங்களில் கிலோ. அதெல்லாம் சாமான்களுக்கு. நம் மொழியில் ஆளையே அளக்கலாம், அதுவும் வாயைத் திறந்த அடுத்த நொடியில். அக்கா அத்தனை வருடம் ஏறி வந்த ஏணியை நான் ஒரே எழுத்தில் தட்டிவிடலாமா? அவளிடமே கேட்டேன்.

"'அவர்'னு போட்டா என்ன வருது?"

"மீசை வருது."

"அப்ப 'அவள்'னே எழுது. நீ எழுதற 'அவள்'ல மரியாதை தெரியலேன்னா அது உன் எழுத்தோட கோளாறு. என் கோளாறு இல்ல, எழுத்தாளரே."

ஆகவே இந்தக் கதை முழுக்க அவள் 'அவள்' தான். மரியாதை தெரியாவிட்டால் என்னைத் திட்டுங்கள்.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்து, இடமில்லாமல் இங்கே வைக்கிறேன்: என்னை ஆண் என்றோ பெண் என்றோ நீங்கள் இந்நேரம் முடிவுகட்டியிருப்பீர்கள். நான் ஒன்றுமே சொல்லவில்லை. 'நான்' என்று சொல்லிக்கொள்பவரைத் தமிழ் எதுவும் கேட்பதில்லை. அடுத்தவரைப் பற்றிப் பேசும்போதுதான் அதற்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும்.)

3

இந்தக் கதையில் இன்னொருவர் உண்டு, சரிசரி. வேறு நாட்டிலிருந்து வந்து, அக்காவின் பட்டறையில் மூன்று வருடமாக வேலைசெய்கிறார். சொந்தப் பெயர் இருக்கிறது. அதை யாருக்கும் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. அவர் முதலில் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் 'சரி', அதையும் இரண்டு முறை சொல்வார் என்பதால் அதுவே பெயராகிவிட்டது.

அவருடைய தாய்மொழியில் அவன், அவள், அவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல்தானாம். அண்ணனுக்கும் அதுதான், அத்தைக்கும் அதுதான், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் அதுதான். ஒருநாள் டீ குடிக்கும்போது அக்காவிடம் புலம்பியிருக்கிறார்.

"தமிழ்ல ஒருத்தரப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி எவ்ளோ கேள்வி, அக்கா! ஆம்பளையா பொம்பளையா? பெரியவங்களா சின்னவங்களா? இங்க நிக்கறாங்களா அங்க நிக்கறாங்களா? எல்லாம் கேட்டு முடிக்கறதுக்குள்ள அந்த ஆளு வீட்டுக்குப் போயிடுவாங்க."

அதனால் அவர் கேள்வி எதுவும் கேட்காமல் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போடுவார். பெரும்பாலும் கிடைப்பது 'அவ'. ஒருமுறை முதலாளி வெளியே போயிருந்தபோது வாடிக்கையாளர் ஒருவரின் போனை சரிசரி எடுத்துவிட்டார். "முதலாளி இல்ல. அவ வெளிய போயிருக்கா. கோவமாப் போயிருக்கா." அந்த வாடிக்கையாளர் மறுநாள் நேரில் வந்து, மீசையும் தொப்பையுமாக உட்கார்ந்திருந்த முதலாளியிடமே "முதலாளியம்மா எப்போ வருவாங்க?" என்று கேட்டார். பட்டறை அன்று முழுக்கச் சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. அதை மறக்கவுமில்லை.

சரிசரி ஆணா பெண்ணா என்று அக்காவிடம் கேட்டேன்.

"எதுக்கு?"

"வாக்கியத்த முடிக்கணும்ல."

"கண்ணாடி தூக்க ரெண்டு கை வேணும். இருக்கு. உனக்கு அது போதாதா?"

போதும் என்று 'அவர்' போட்டிருக்கிறேன். இந்த முறையும் யாருக்காவது மீசை வந்தால் நான் பொறுப்பல்ல.

[இந்த இடத்தில் டேப்பைப் பிடிக்கும் விதம் பற்றி ஒரு பத்தி இருந்தது. இப்போதே சொன்னால் சுவாரசியம் கெட்டுவிடும் என்று ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிட்டேன்.]

4

ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு முன்பக்கக் கண்ணாடி போடும் வேலை வந்தது. வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரே துண்டாக நிற்க வேண்டிய கண்ணாடி. அக்காவோடு எப்போதும் போகிற ஆள் அன்று விடுப்பு. சரிசரியோடு எப்போதும் போகிற ஆளுக்குக் காய்ச்சல். ஆக, அக்காவும் சரிசரியும் முதல் தடவையாகச் சேர்ந்து அளக்கப் போனார்கள்.

அக்கா ஒரு முனையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தாள். சரிசரி டேப்பை இழுத்துக்கொண்டு எதிர்ச்சுவர் வரை போனார்.

"பிடிச்சிட்டேன்" என்றாள் அக்கா.

"சரி சரி" என்றார் சரிசரி. படித்து, கழிக்க வேண்டியதைக் கழித்து, எழுதிக்கொண்டார். மொத்தத்தில் இதற்குமேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

கண்ணாடி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. நாலு பேர் தூக்கி நிறுத்தினார்கள். ஓரத்தில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு இடைவெளி. அளந்து பார்த்தால் ஏழரை சென்டிமீட்டர், ஒரு மயிரிழை கம்மி. "ஏழரையா? அப்ப சனி பிடிச்சாச்சு" என்று ஒருவர் முணுமுணுத்தார். பல் டாக்டர் வெளியே வந்து, இடைவெளியைக் குனிந்து பார்த்து, "இதுக்கு நானே ஒரு பல்லு கட்டிவிடட்டுமா?" என்று கேட்டார். அவர் நல்ல மனுஷன். ஆனால் முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எழுதினது யாரு?" என்றார் முதலாளி.

"நான்" என்றார் சரிசரி.

"அதானே. ஆம்பள பொம்பள வித்தியாசமே தெரியாத ஆளுக்கு இஞ்சு சென்டிமீட்டர் வித்தியாசம் எங்கேருந்து தெரியப்போவுது?"

பிறகு அக்கா பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "உங்க மேல தப்பு இல்லனு எனக்குத் தெரியும்மா. இவங்கள திங்கக்கிழமையோட நிறுத்திக்கலாம். அடுத்த மாசத்துலேருந்து அளவெடுக்கற வேலை மொத்தமும் உங்க பொறுப்புன்னு சொல்லியிருந்தேன்ல, அதுல ஒரு மாத்தமும் இல்ல."

அக்கா வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. அவங்கதான் தப்பாக் கழிச்சிட்டாங்களோன்னு" என்றாள். கதாநாயகிக்கு இப்படி ஒரு சந்தேகம் வரக்கூடாது என்று அந்த வரியை நீக்கப் பார்த்தேன். "வந்துச்சு, எழுது" என்றாள்.

[5 இல்லை. அதில் சரிசரி கண்ணீரோடு வீட்டுக்கு நடப்பதாக எழுதியிருந்தேன். அக்கா அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டாள். "அழல. சைக்கிள்ல காத்து இல்ல, பம்ப் கேட்டாங்க. அடிச்சிட்டுப் போயிட்டாங்க."]

6

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். டேப்பின் நுனியை என்னிடம் நீட்டினாள். அலமாரியின் ஒரு மூலையில் வைத்துப் பிடித்தேன். மறுமூலையில் அவள் படித்தாள், மனதுக்குள் எதையோ கழித்தாள், முகம் சுளித்தாள்.

"இது மூணடி அலமாரிதானே? எப்படி ஒரு இஞ்சு குறையும்? நீ எதுல பிடிச்சிருக்க?"

"நுனியிலதான்."

"நுனியிலயா? நுனியில யாராவது பிடிப்பாங்களா?"

"பூஜ்யம் அங்கதானே இருக்கு?"

தலையில் அடித்துக்கொண்டு விளக்கினாள். தள்ளிவைத்த பத்தி இதுதான். டேப்பின் நுனியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது. நாளாக ஆக அது ஆடும், வளையும், தேயும். அதனால் கை பழகியவர்கள் நுனியை நம்புவதில்லை. கொஞ்சம் உள்ளே தள்ளிப் பிடித்து அளந்துவிட்டு, தள்ளியதைக் கடைசியில் கழித்துவிடுவார்கள். அக்கா இஞ்சிலும் நூலிலும் தொழில் படித்தவள். (எட்டு நூல் ஓர் இஞ்சு.) எனவே ஒன்றாம் இஞ்சுக் கோட்டில் பிடித்து ஒன்றைக் கழிப்பாள். அவளோடு போகிற எல்லோருமே அப்படித்தான்.

(எனக்கும் இந்தப் பழக்கம் உண்டு. எந்தக் கதையிலும் நான் எழுதும் முதல் பத்தியை நம்பமாட்டேன். இரண்டாவதிலிருந்து பிடித்துக்கொண்டு முதலாவதைக் கழித்துவிடுவேன்.)

"எல்லாரும் ஒண்ணுலதான் பிடிப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், 'எல்லாரும்' என்ற சொல்லைத் தானே காதில் கேட்டவள் மாதிரி அப்படியே நின்றாள். பிறகுதான் அந்தக் கத்தல். கத்தியபடியே போனை எடுத்தாள்.

"நீங்க டேப்ப எதுல பிடிப்பீங்க?"

"பத்துல" என்றது போனில் சரிசரியின் குரல்.

"பத்துலயா!"

"பத்தாவது சென்டிமீட்டர்ல பிடிச்சு, பத்த கழிக்கணும். எல்லாரும் அப்படித்தானே, அக்கா?"

டேப்பில் மேல் ஓரம் இஞ்சு, கீழ் ஓரம் சென்டிமீட்டர். பல் ஆஸ்பத்திரியில் அக்கா மேல் ஓரத்தைப் பார்த்து ஓர் இஞ்சில் பிடித்தாள். அது இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சரிசரி கீழ் ஓரத்தைப் படித்து, தன் ஊர் வழக்கப்படி பத்தைக் கழித்தார். பத்தில் இரண்டரை போனால் ஏழரை. இரண்டு பேருமே கற்ற வேலையைக் கற்றபடி சுத்தமாகச் செய்திருந்தார்கள். நான் ஒருவன்

[அடித்துவிட்டேன். பார்த்தீர்களா, மாட்டிக்கொள்ள இருந்தேன். அல்லது உங்களைக் குழப்பவே அப்படி எழுதினேனோ என்னவோ.]

அந்த அறையில் தொழில் தெரியாத ஒரே ஆளாக நுனியில் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் இது வெளியே வந்தது. என் அறியாமையைப் பற்றி எனக்கு இவ்வளவு பெருமை வேறு எப்போதும் வந்ததில்லை.

7

திங்கட்கிழமை என்ன நடந்தது என்று அக்கா சொல்வதற்கு முன்பே அவசரப்பட்டு மூன்று முடிவுகள் எழுதிவிட்டேன்.

முதல் முடிவு: "'அவங்கள அனுப்பினா நானும் போறேன்!' என்று அக்கா டேப்பை மேசைமேல் வீசியெறிந்து—"

[அக்கா: "வீசமாட்டேன். நல்ல டேப். வேலையையும் விடமாட்டேன். இந்த இடத்துக்கு வர நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா?"]

இரண்டாவது முடிவு: "'தப்பு முழுக்க என்னுடையது' என்று அக்கா தலைகுனிந்து—"

[அக்கா: "தலை குனியறதா? யாரு?"]

மூன்றாவது முடிவில் முதலாளி மனம் உருகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு— இதை நானே அடித்துவிட்டேன்.

8

திங்கட்கிழமை நடந்தது இது.

முதலாளியின் அறை சின்னது. சுவரோரம் கண்ணாடித் துண்டு மாதிரிகள், சக்கரம் வைத்த நாற்காலி, பட்டறையிலேயே வெட்டிய கண்ணாடி போட்ட மேசை. அக்காவும் சரிசரியும் சேர்ந்தே உள்ளே போனார்கள்.

"ஒரு நிமிஷம். உங்க மேசைய அளந்துக்கறோம்" என்றாள் அக்கா.

"எதுக்கு? ஒண்ணரை மீட்டர். நான்தானே வெட்டச் சொன்னேன்."

"பரவால்ல. பல் ஆஸ்பத்திரியில எப்படி அளந்தோமோ அதே மாதிரி."

அக்கா ஒரு முனையைப் பிடித்தாள். "பிடிச்சிட்டேன்." "சரி சரி." சரிசரி படித்தார், கழித்தார், எழுதி முதலாளியிடம் நீட்டினார். முதலாளி தாளைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்.

"ஏழரை குறையுது."

"குறையும். நான் ஒண்ணுல பிடிச்சேன், அவங்க பத்த கழிச்சாங்க" என்று அக்கா டேப்பின் இரண்டு ஓரங்களையும் அவருக்குக் காட்டினாள். "எதுல பிடிச்சேன்னு அவங்க கேக்கல. எவ்ளோ கழிச்சாங்கன்னு நான் கேக்கல. கேக்கணும்னே தோணல. உலகத்துல டேப் பிடிக்க ஒரே வழிதான்னு ரெண்டு பேருமே நெனச்சிட்டோம்."

முதலாளி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். "சரிம்மா, இது போகட்டும். ஆனா இந்த அவன், அவ குழப்பம்? வெளியாளுங்க முன்னாடி என் மானம் போவுது."

இதற்கு அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். சரிசரி முந்திக்கொண்டார்.

"முதலாளி, உங்க முகத்தப் பாத்துப் பேசறப்ப நான் தப்பாச் சொல்லியிருக்கேனா? 'நீங்க'ன்னுதான் சொல்வேன். அதுல தப்பு வராது. நீங்க இல்லாதப்பதான் கஷ்டம். அதையும் கத்துக்கறேன், மூணு வருஷத்துல இவ்ளோ கத்துக்கிட்டேன்ல. ஆனா பத்துல பிடிக்கறத மட்டும் விடமாட்டேன். அது நல்ல வழக்கம். எங்க ஊர்ல கதவெல்லாம் சரியா மூடும்."

முதலாளியின் மீசை லேசாக அசைந்தது. சிரிப்பா கோபமா என்று அக்காவுக்கே தெரியவில்லையாம். அப்போதுதான் அவள் சொன்னாள்:

"பல் ஆஸ்பத்திரிக்கு மறுபடி அளவெடுக்கணும். எங்க ரெண்டு பேரையும் அனுப்புங்க. இந்தத் தப்ப இனிமே செய்யவே முடியாத ரெண்டு பேரு இந்தப் பட்டறையில நாங்கதான்."

இந்த வாக்கியத்தில் என் கைவேலை எதுவும் இல்லை. அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன். இத்தனை வருடம் எழுதி எழுதி நான் ஒருமுறைகூட இவ்வளவு நேராக ஒரு வாக்கியம் எழுதியதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, பொறுப்பு தானாக வந்து மடியில் விழுந்திருக்கும். 'அது' என்று தன்னைச் சொன்ன இடத்தில் நின்றுகொண்டு இன்னொருவருக்காக அப்படிப் பேசினாள். அவள் என் அக்கா. எனக்குப் பெருமையாக இருக்கிறது, அதை அடக்கமாகச் சொல்லும் உத்தேசமும் இல்லை.

9

முதலாளி என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுதியும் வைத்திருந்தேன். அக்கா படித்துவிட்டு அந்த வரிகளைக் குறுக்கே அடித்தாள்.

"அவர் சொன்னதப் போட்டா எல்லாரும் அவர் நல்லவரா கெட்டவரான்னு பேசிட்டு இருப்பாங்க. நாங்க பேசினது காத்துல போயிடும்."

"அப்ப கதைய எப்படி முடிக்கறது?"

"உன் வேலை அது. என் வேலையெல்லாம் நான் முடிச்சிட்டேன்."

யோசித்துப் பார்த்து, முதலாளியைக் கதையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டேன். உலையில் ஏதோ சத்தம் கேட்டு எழுந்து போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி காலியாக இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள். சக்கரம் வைத்தது, கொஞ்சம் நகரும், பார்த்து.

எதிரில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் வேலையில் இருப்பாரா இல்லையா என்பது உங்கள் வாயில் இருக்கிறது. நீங்கள் எந்த அளவில் வளர்ந்தவரோ, ஒன்றில் பிடிப்பவரோ பத்தில் பிடிப்பவரோ, என்னைப் போல் நுனியில் பிடிப்பவரோ, எனக்குத் தெரியாது. அவர்களும் அதைக் கேட்கப்போவதில்லை. உங்கள் பதிலுக்காகத்தான் நிற்கிறார்கள்.

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். என் அக்காவுக்கு நிறைய வேலை கிடக்கிறது.